ஒன்றேகால் மணித்தியாலம்

கிட்ட வந்து இருங்கோ, பிள்ளையள். சென்னையிலிருந்து பலாலிக்கு ஒரு விமானம் வந்துகொண்டிருந்த நேரத்தில், தொண்டைமானாற்றில் ஒரு வீடு எப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தது என்று சொல்லப்போகிறேன்.

மகாதேவி மூச்சு நின்ற கணவர் இராசநாயகத்தின் கண்களை மூடிவிட்டாள். அவரின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட, அவரின் தங்கை குணலட்சுமி விசும்பிக்கொண்டே துணி கிழிக்கப் போனாள்.

"பொறு மச்சாள். கிழியாதை. அழவும் வேண்டாம்," என்று மகாதேவி தடுத்தாள்.

காலை பத்து மணியாக ஐந்து நிமிடம் இருந்தது. ஏறிவிட்டேன் என்று மகள் தயாளினி அனுப்பி இருபது நிமிடம்.

இராசநாயகம் படுக்கையில் விழுந்து மூன்று மாதம். ரொறன்ரோவில் இருக்கும் மூத்தவன் பிரகாஸ் இரண்டு விமானம் மாறி வந்து, பத்து நாள் தகப்பனோடு இருந்துவிட்டுப் போனான். சென்னையில் வாழ்க்கைப்பட்ட தயாளினிதான் வரவில்லை. முந்நூற்றைம்பது கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலப் பறப்பு. நினைத்தவுடன் வரலாம் என்றபடியால் அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

"இப்ப நாங்கள் அழுதால் அயல் கேக்கும்," என்றாள் மகாதேவி. "அரை மணித்தியாலத்திலை இவரின்ரை படம் பேஸ்புக்கிலை நிக்கும். பிள்ளை இறங்கினவுடனை போனைத் திறப்பாள். பாஸ்போட் லைனிலை நிண்டு, தனிய அதைப் பாக்க வேண்டாம்."

பிரகாசுக்கும் சொல்லவில்லை. குணலட்சுமியின் மகன் கோபிசங்கர் வான் வண்டியை எடுத்துக்கொண்டு பலாலிக்கு வெளிக்கிட்டான். தயாளினி வழியில் கேட்டால் என்ன சொல்ல என்றான். படுத்திருக்கிறார் என்று சொல், அது பொய் இல்லைத்தானே என்றாள் மாமி மகாதேவி.

பத்தரைக்குப் பக்கத்து வீட்டு நல்லம்மா கஞ்சியோடு வந்துவிட்டாள். அவர் நித்திரை என்று சொல்லி, அறைக் கதவைச் சாத்தி, அவளை இருத்திவிட்டு மகாதேவி குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள். குணலட்சுமி அவள் கையைப் பிடித்தாள்.

"செத்தவீட்டிலை அடுப்பு எரிக்கிறதோ, மச்சாள்?"

"பிள்ளை வந்தாப் பிறகுதான் இது செத்தவீடு."

தேத்தண்ணி குடித்தபடி நல்லம்மா, தன் நாய் நண்டுக் கூடைக்குள் மூக்கை விட்டு வாங்கிக் கட்டிய கதையைச் சொன்னாள். மகாதேவி சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். குணலட்சுமி வெங்காயம் உரிக்கிற சாட்டில் குசினியிலேயே இருந்தாள்.

விமானம் நேரத்துக்கு இறங்கியது. முத்திரை குத்தி, பெட்டி எடுத்து, வான் ஏறி வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது. நல்லம்மா எப்போதோ போயிருந்தாள்.

உள்ளே வந்த தயாளினி தேத்தண்ணிக் கோப்பைகளைக் கண்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்பாவும் குடிச்சவரோ?"

மகாதேவி மகளைக் கூட்டிப்போய்க் கட்டிலில் இருத்தினாள். தயாளினி தகப்பனின் பாதத்தைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை.

"எத்தினை மணிக்கு, அம்மா?"

"நீ வெளிக்கிட்டாப் பிறகு. ஏறிட்டாளாம் எண்டு காதுக்குள்ளை சொன்னனான்."

"கேட்டதோ?"

மகாதேவி கணவரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"சொன்னனான்," என்றாள்.

அதன் பிறகுதான் குணலட்சுமி வாய்விட்டு அழுதாள். அயல் ஓடி வந்தது. வாசற்படியில் தயாளினியின் பெட்டி, கைப்பிடியில் விமானச் சீட்டுத் தொங்க, வைத்த இடத்திலேயே இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தாண்டி உள்ளே போனார்கள்.

உங்கடை வீட்டுப் பிள்ளையள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் வேளைக்கு வந்து சேரட்டும். வரும்போது திண்ணைப் பேச்சும் சிரிப்புமாய் உங்கடை வீடு நிறைஞ்சிருக்கட்டும்.