அறுபது வேம்பு

நல்லகாமன் ஒரு வருசமாகச் சாம்பலைத் தொட்டுத்தான் பல் தேய்க்கிறான். வேப்பங்குச்சி ஒடிக்க அவனுக்கு மனம் வராது. அந்த ஆடிச் செவ்வாய் காலையில் ஊருணிக் கரைக்குப் போனவன், வாயிலிருந்த சாம்பலைத் துப்ப மறந்து நின்றான்.

அவன் வைத்த அறுபது வேப்பங்கன்றுகளில் ஒன்றில்கூட இலை இல்லை. இடுப்புயரத்துக்கு வெறும் குச்சிகள். ஆடு மேய்ந்த வேலை இல்லை, முள்வேலி அப்படியே இருந்தது. கையால் ஒடித்திருக்கிறார்கள்.

பத்து மணிக்கு, மானியத்துக்காகக் கன்றுகளை எண்ணிப் பார்க்க ஆபீசர் ஹாலாஸ்யம் ஜீப்பில் வருகிறார். ஊருக்காக மரம் வளர்க்க முன்வரும் தனி ஆளுக்கு அரசாங்கம் கொடுக்கிற மானியம் அது. முதல் பாதிப் பணத்தில், குப்பைமேடாகக் கிடந்த கரையைத் திருத்திக் கன்று வைத்தாயிற்று. இன்று நாற்பத்தைந்து கன்றாவது உயிரோடு இருந்தால்தான் மறுபாதி. இல்லையென்றால் திட்டம் ரத்து, கரை பழையபடி குப்பைக்கு. அறுபதுக்கும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவன் அவன்.

ஊருக்குள் ஓடினான். வாசலுக்கு வாசல் பச்சைப் பசேலென்று வேப்பிலைத் தோரணம். நேற்று காளியம்மனுக்குக் காப்புக் கட்டு. ஆபீசர் வருகிற பயத்தில் இருட்டோடு கிளம்பிய அவனுக்குத்தான் அது மறந்தும் போயிருந்தது, தோரணம் கண்ணில் படவும் இல்லை. பக்கத்து வீட்டுத் தவசி தோரணத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"ஏன் மாப்ள, வேற மரமே கெடைக்கலையா?" என்றான் நல்லகாமன்.

"எங்க இருக்கு? இருந்த ரெண்டு வேம்பும் போன வருசக் காத்துல சாஞ்சிருச்சு. ஊரு மரம், எல்லாருக்கும் பாத்தியம்னு டீக்கடையில நீதான மாப்ள சொன்ன? வீட்டுக்கு ஒரு கொத்துதான் ஒடிச்சோம்."

சொன்னது உண்மைதான். அதுவும் ஒரு தடவையா, டீக்கு டீ சொல்லியிருக்கிறான். தவளை தன் வாயால் கெடும்.

வீட்டுக்கு வந்தால் அவன் வாசலிலும் தோரணம். பெண்டாட்டி சீனியம்மாள் மஞ்சள் சேலையில் ஈரத்தோடு நின்றாள். கையில் ஒரு கொத்து.

"இது எங்க ஒடிச்ச?"

"நம்ம கன்னுலதான். ஆபீசர் நல்லபடியா எழுதணும்னு தீச்சட்டி நேந்திருக்கேன். சட்டிக்கு அடியில வைக்கிறது நீங்க வச்ச மரத்து எலையாவே இருக்கட்டுமேன்னு..."

அவளை வையவும் முடியவில்லை, அம்மனை வையப் பயமாகவும் இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கே திரும்பினான்.

ஜீப் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. ஹாலாஸ்யம் இறங்கியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்னய்யா, எல்லாம் பட்டுப்போச்சா?"

"இல்லங்கய்யா, உசுரோடதான் இருக்கு. அம்மனுக்கு ஒடிச்சிட்டாக."

"ஆடு மேஞ்சா எழுத பாரத்துல இடம் இருக்கு. அம்மனுக்கு இல்லையேய்யா. உயிர் இருக்குன்னு நான் எதைப் பார்த்து எழுதறது?"

நல்லகாமன் குனிந்து முதல் குச்சியின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் கீறினான். உள்ளே பச்சை. ஹாலாஸ்யம் விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரம் ஒட்டியது. பாரத்தில் ஒரு கோடு போட்டார்.

"அடுத்தது."

அதுவும் பச்சை. ஆனால் நல்லகாமன் மேற்கு வரிசையை எட்டிப் பார்த்தான்; மற்றதெல்லாம் தேறினாலும் அந்த இருபதில் ஐந்தாவது பச்சை காட்ட வேண்டும். சித்திரையில் ஊருணி வற்றியபோது அந்தப் பக்கத்துக்குச் சுமந்த தண்ணீர் போதவில்லை. வாடிய இலையாவது ஒட்டியிருந்தவரை தைரியமாக இருந்தான். இப்போது எது உயிர், எது விறகு என்று அவனுக்கே தெரியவில்லை.

கொட்டுச் சத்தம் கரையை நெருங்கியது. தீச்சட்டி ஏந்தி வந்தவர்களில் சீனியம்மாள் மட்டும் நின்றுவிட்டாள்.

நாற்பது கோடு விழுந்தபின் நல்லகாமன் மேற்கு வரிசையின் முதல் குச்சியில் நகத்தை வைத்தான். பட்டை காய்ந்து உதிர்ந்தது. ஹாலாஸ்யம் பேனாவைத் தூக்கினார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா, வேர்ல உசுரிருந்தாத் துளுத்துரும்."

மண்டியிட்டான். மண்ணைக் கையால் விலக்கி, தூருக்குக் கீழே நகத்தை அழுத்தினான். பின்னால் சீனியம்மாள், வேப்பிலைமேல் வைத்த சட்டி கையைச் சுடுவதும் தெரியாமல், ஆபீசரின் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.