ஒரே டிக்கெட்டில் காட்டுக்கோழியும் ஒட்டகச்சிவிங்கியும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை அத்தானின் ஜோக்கிலிருந்து சுட்டது. அவர் மிருகக்காட்சி சாலையில் வழிகாட்டி. பறவைக் கூண்டுக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் நடுவில் நின்று கூட்டத்தைக் கேட்பார்:

"இந்தக் காட்டுக்கோழிக்கும் அந்த ஒட்டகச்சிவிங்கிக்கும் என்ன ஒத்துமை, சொல்லுங்க பாப்போம்?"

யாரும் வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிடுவார். "ரெண்டையும் பாக்க ஒரே டிக்கெட்டு!"

வாசலில் அந்த டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பவள் என் அக்கா.

2

முதல் ஆரம்பம்: 'நெடுங்கழுத்தும் மௌனமும் கொண்ட அவள்...' (வேண்டாம். அக்காவுக்குக் கழுத்தே கிடையாது.)

அடுத்தது: 'ஓட்டைவாய்க்காரனுக்கு வாக்கப்பட்ட...' (இதுவும் வேண்டாம், அத்தானைக் கெட்டவர் என்று நினைத்துவிடுவீர்கள். அப்பா போனபோது பேசிப் பேசியே எங்களைச் சாப்பிட வைத்த மனுஷன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். அக்காவின் மார்பில் கட்டி. ஆபரேஷன் செய்யவேண்டும், நாளைக்கே வீட்டுக்காரரோடு வா என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரியும். அத்தானுக்குத் தெரியாது.

"ஏன்க்கா இன்னும் சொல்லல?"

"அவர் பேச்சுக்கு நடுவுல கொஞ்சம் மூச்சு விடட்டும்டா, சொல்றேன்."

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

3

(இங்கே கொஞ்சம் கட்டுரை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) குளிர்தேசத்துக் காடுகளில் பெரிய காட்டுக்கோழி ஒன்று உண்டு. பெட்டையைக் கவரச் சேவல் பாடும்போது, பாட்டின் கடைசிப் பகுதியில் அதற்குக் காது கேட்காதாம். வேட்டைக்காரன் அப்போது பார்த்துத்தான் காலெடுத்து வைப்பான். ஒட்டகச்சிவிங்கியோ வாயே திறக்காது என்று பேர் வாங்கியது. ஆனால் இருட்டில் மெல்ல முனகுகிறது என்று பதிவு செய்திருக்கிறார்கள்.*

* அக்காவும் அப்படித்தான். இந்த வரியை அடிக்க நினைத்தேன், மனசு வரவில்லை.

4

முடிவுகள்.

அக்கா கத்திச் சொல்லிவிடுகிறாள். (அவளுக்குக் கத்தத் தெரியாது.)

நானே சொல்லிவிடுகிறேன். (சொல்லிப் பார்த்துவிட்டேன், இன்று சாயங்காலம். "அத்தான், நம்ம அக்காவுக்கு..." என்றதும் பிடித்துக்கொண்டார். "அவளுக்கென்னடா குறை! இன்னிக்கு ஒரு கூட்டம் வந்துச்சு பாரு, அதுல ஒரு அம்மா...")

இன்னும் அந்த அம்மாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். அக்கா டீயோடு வருகிறாள். நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறாள். டம்ளரை மேசையில் வைக்கிறாள். நான் யோசித்தே பார்க்காத ஒன்றைச் செய்கிறாள்: உள்ளங்கையை அத்தானின் வாய்மேல் வைக்கிறாள்.

கைக்குள் இரண்டு வார்த்தை முட்டி மோதி அடங்குகின்றன. அவர் அவள் முகத்தைப் பார்க்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. மெதுவாக அந்தக் கையை விலக்கித் தன் கைக்குள் வைத்துக்கொள்கிறார்.

"என்னம்மா?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது இந்த வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது நான் ஒருவன்தான். அக்கா வாய் திறக்கிறாள். நானும் நிறுத்தினால்தான் அவள்