வெயிலுக்குப் பிடித்த காசு

தையலக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு போன மறுநாள், அந்த வீட்டு வெயிலும் அவள் பின்னாலேயே போய்விட்டது. வானத்தில் ஒரு கோளாறும் இல்லை. பக்கத்து மொட்டைமாடியில் துணி மொறமொறவென்று காய்ந்தது. எதிர்வீட்டுப் பூனை வாசலில் வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது. அந்த ஒரு வீட்டின் மேற்கு ஜன்னலில் மட்டும் கம்பி வரைக்கும் வந்த வெயில் உள்ளே நுழையாமல் திரும்பியது. நடந்ததை எல்லாம் தெரிந்த எங்கள் தெருக்காரர்கள் யாரும் இதில் வெயிலைக் குறை சொல்லவில்லை.

தையலக்கா வக்கீல்களுக்குக் கோட்டு தைப்பவள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுவது பல்பு வெளிச்சத்தில் ஆகிற காரியமில்லை, தையல் கோணுகிறதா என்பது பகலில்தான் தெரியும். மேற்கு ஜன்னலைப் பார்த்துத்தான் அந்த வீட்டுக்கு வந்தாள். மிஷினுக்கு மோட்டார் வைத்ததும், தனியாளாக மகளை வளர்த்ததும் அந்த வெளிச்சத்தில்தான். வாடகை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை, ஆனால் அது வருஷா வருஷம் ஏறியது. கடைசியில் இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டிடத்தில், பெரிய ஜன்னல்கள் வைத்த முன்னறை ஒன்றைப் பார்த்துப் பேசி முடித்தாள். பழைய அட்வான்ஸை வாங்கி அப்படியே அங்கே கொடுப்பதாக ஏற்பாடு.

எங்கள் தெருவில் ஒரு முறை இருக்கிறது. காலி செய்கிற அன்று வீட்டுக்காரரும் குடியிருந்தவரும் அறை அறையாகச் சேர்ந்து நடப்பார்கள். அட்வான்ஸில் எதற்காவது பிடிக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் அதன்மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும். கை வைக்காததற்குப் பிடிக்க முடியாது.

இந்த வீட்டுக்காரரோ எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர். தையலக்கா தானாகவே அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போய், குழாய் தன் கைபட்டு உடைந்தது, அதற்குப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். குழாய்மேல் கை வைத்தார். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மனுஷனுக்கு ருசி கண்டுவிட்டது. ஆணி ஓட்டைகள் மேல் கை வைத்தார். வருஷா வருஷம் மகளின் உயரத்தைக் குறித்து வைத்த பென்சில் கோடுகள் மேல், கதவு நிலையோரம் குனிந்து கை வைத்தார். பிறகு பெயின்ட் வெளுத்த சுவருக்கு வந்தார். அந்நேரம் அங்கே சாய்ந்த வெயில் விழுந்துகொண்டிருந்தது. கை பட்டது அதன்மேல்தான்.

"வெயிலுக்குக்கூடவா சார் காசு பிடிப்பீங்க?" என்றாள் தையலக்கா.

"இத்தனை வருஷம் அனுபவிச்சது நீங்கதானேம்மா."

ஆணி ஓட்டை, பென்சில் கோடு, வெயில் என்று அவர் கை வைத்த ஒவ்வொன்றையும் அவள் விரலால் சுட்டினாள்.

"சரி. காசைப் பிடிச்சுட்டீங்க. அப்போ இதெல்லாம் என்னுது."

வீட்டுக்காரர் சிரித்தார். தாராளமாக எடுத்துப் போகச் சொன்னார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

கைக்கு வந்த மிச்சம் முன்னறைக்குப் போதவில்லை. அதே கட்டிடத்தின் பின்னறைதான் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர் மூக்கில் இடிக்கும். கோட்டு வாங்க வந்த வக்கீல்கள் உச்சுக்கொட்டினார்கள். கேஸ் போட்டால் அட்வான்ஸைவிடச் செலவாகும் என்று சொல்லிவிட்டுக் கோட்டு எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். தையலக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்த இருட்டில் தைத்தால் ஒரு மாதத்தில் ஒரு வக்கீலும் வரமாட்டார். இருந்தாலும் பழக்கதோஷத்தில் மிஷினை ஜன்னலோரம்தான் போட்டாள். பொழுது சாய்கிற நேரம், அந்தச் சுவரைத் தாண்டி வெயில் உள்ளே வந்து துணிமேல் படுத்தது.

"அம்மா, நம்ம வெயிலும்மா," என்றாள் மகள்.

அதைத் தொடர்ந்து ஆணி ஓட்டைகள் வந்தன, கண்ணாடிக்கு ஒன்று, கத்தரிக்கோலுக்கு ஒன்று என்று அதனதன் இடத்தில். பென்சில் கோடுகள் நிலையில் ஏறி நின்றன. உடைந்த குழாய் மட்டும் வரவில்லை. அது நியாயமாகப் பிடித்த காசு, அதற்கு வர வேண்டிய அவசியமில்லை.

பழைய வீட்டில் குடித்தனம் நிற்கவில்லை. சுவரில் அடித்த ஆணியெல்லாம் வளைந்தது. பட்டப்பகலில் விளக்குப் போட்டார்கள். வீடு பார்க்க வந்த ஒருவர், குடோன் நன்றாக இருக்கிறது, வீடு எங்கே என்று கேட்டார். கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் கையை விரித்தார்கள். வருஷம் ஒன்று ஓடியபின் வீட்டுக்காரரின் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"கை வச்சது நீங்க. நீங்களே போய்க் கேளுங்க."

அவர் போனார். இரண்டு மடங்காகத் தருகிறேன், வெயிலை அனுப்பிவிடுங்கள் என்றார். தையலக்கா நினைத்திருந்தால் பத்து மடங்கு கேட்டிருக்கலாம், தெருவே அவளுக்குத்தான் பேசியிருக்கும். அவள் தையலை நிறுத்தவில்லை.

"மடங்கெல்லாம் வேணாம். என் காசு எவ்வளவோ அதைக் கொடுங்க. உங்க வெயில் உங்களுக்கு."

பதற்றத்தில் அவர் குழாய்க்குப் பிடித்ததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அவள் அதை எடுத்து அவர் பக்கமே தள்ளினாள். எங்களுக்குப் பெருமையாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அந்த மாதமே அவள் காலியாகக் கிடந்த முன்னறைக்கு மாறினாள். பழைய வெயில் சுவரோரமாக நடந்து வீடு திரும்பியதைத் தெருவில் எல்லோரும் பார்த்தோம், ஒதுங்கி வழிவிட்டோம். ஓட்டைகளும் திரும்பிவிட்டன. பென்சில் கோடுகள் மட்டும் மகளோடு முன்னறைக்குப் போயின. வீட்டுக்காரர் அவற்றைக் கேட்கவுமில்லை.

இப்போதும் யாராவது காலி செய்தால் சேர்ந்துதான் நடக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறார்கள். குழாய் உடைந்திருந்தால் மட்டும் ஒரு கையை எடுக்கிறார்கள்.