துளை எந்தப் பக்கம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. குவைத்தில் டாக்டர் கனீமாவின் பல் மருத்துவமனையில் பல் அச்சு வார்ப்பவன் நான். மதிய இடைவேளையில் அவர் என் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து, செங்கல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் டாங்கியை ஒட்டிக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டிருந்ததால் கதை ஒட்டிக்கொண்டது.

முதல் முயற்சி இப்படித் தொடங்கியது: ‘ஆகஸ்டு வெயிலில் பாலைவனம் கொதித்தது. மிஷாரி தன் டாங்கியின் மேல் நிமிர்ந்து நின்று, எதிரியை நேருக்கு நேராக—’

அடித்துவிட்டேன். நான் அங்கே இல்லை. நிமிர்ந்து நின்றார் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

2

சொன்னவர் ஜர்ராஹ், கனீமாவின் பெரிய அண்ணன். 1990இல் இராக் படை குவைத்துக்குள் நுழைந்த அன்று நடு அண்ணன் மிஷாரி டாங்கியோடு எரிந்துபோனார். கனீமா அப்போது கல்லூரி மாணவி. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஜர்ராஹ் வீட்டு விருந்தறையான திவானியாவில் ஆண்கள் கூடி, காப்பி குடித்து, மிஷாரி நெஞ்சில் குண்டு வாங்கிய கதையைப் பேசுவார்கள். இந்த வருடம் அங்கே வைக்க அந்த டாங்கியின் மாதிரியைச் செய்து தரும்படி தங்கையிடம் கேட்டார். குடும்பத்திலேயே பொறுமையான கை கனீமாவுடையதுதான்.

அந்தக் கைக்கு ஒரு கெட்ட பழக்கம். தெரியாததைப் பூசாது. எரிந்த டாங்கி என்றால் எங்கே கரி, எங்கே துரு, எங்கே வெந்து வெளுத்த சாம்பல் நிறம் என்று தெரிய வேண்டும். அதற்குக் குண்டு பட்ட இடம் தெரிய வேண்டும். உயிரோடு இருந்த ஒரே சாட்சியைக் கூப்பிட்டார்: டாங்கியின் ஓட்டுநர் ஆயித்.

(படையில் இருந்தும் குடியுரிமை கிடைக்காத குடும்பம் அவருடையது. திவானியாவுக்கு அவரை யாரும் அழைத்ததில்லை.)

3

ஆயித் எங்கள் மேசைக்கு வந்து, மாதிரியைக் கையில் வாங்கி மெதுவாகத் திருப்பினார்.

“எங்க பட்டுச்சு, அபூ ஃபலாஹ்?” மூத்த மகன் பெயரைச் சொல்லித்தான் கனீமா அவரை அழைப்பார்.

மேல்கூண்டின் பின்பக்கத்தில் கட்டைவிரலை வைத்தார். “இங்க.”

“பின்னாலயா?”

“குண்டெல்லாம் தீந்துபோச்சு தங்கச்சி. திருப்புடான்னான் மிஷாரி. திருப்பினேன். திருப்பாம அப்படியே ரிவர்ஸ்ல போயிருந்தா முன்தகடு தாங்கியிருக்கும். அவன் சொன்னது வாயால. திருப்பினது இந்தக் கை.”

இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. தப்பித்தவன் தனக்கு வசதியாகத்தானே சொல்வான்? ஆயித்தைப் பொய்யராக வைத்து இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. பொய் சொல்ல வந்தவர் பழியைத் தன் கையில் ஏன் வாங்கிக்கொள்கிறார்? கிழித்தேன்.

4

கனீமா பல்லைக் குத்திப் பார்க்கும் ஊசியை ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி மேல்கூண்டின் பின்பக்கத்தில் அழுத்தினார். பிளாஸ்டிக் இளகி, துளையைச் சுற்றி உருகிய இரும்புபோல உதடு பிதுங்கியது. சக்கரத்து ரப்பரை அரத்தால் தேய்த்தெடுத்தார். தீயில் ரப்பர் போனால் வண்டி தணிந்து உட்காரும். பிறகு துரு. அதன்மேல் சாம்பல். ஓட்டுநரின் மூடியை மட்டும் திறந்து ஒட்டினார், ஆயித் வெளியேறிய வழி.

ஜர்ராஹ் பார்க்க வந்தார்.

“என்ன இது, முதுகுல ஓட்டை?”

“அங்கதான் பட்டுச்சாம்.”

“யாரு, அந்த ஆயித் சொன்னானா? ஓடிவந்த பய. ஊரு என்ன பேசும் தெரியுமா? மிஷாரியும் ஓடினான்னு பேசும்.”

“குண்டு தீந்தவன் வேற என்ன அண்ணே பண்ணுவான்? பல்லால கடிப்பானா?”

“பல்லு அடைக்கிற மாவு இருக்குல்ல உன்கிட்ட? அடைச்சிரு.”

“அடைக்க மாட்டேன்.”

“அப்ப என் வீட்டுக்கு வராது.”

“வரும். நானே கொண்டு வரேன்.”

5

கொண்டு வந்தார். ஆண்கள் நிறைந்த அறைக்குள் டாங்கியை ஏந்தியபடி நுழைந்தார், பின்னால் ஆயித், அவருக்குப் பின்னால் காலிப் பெட்டியோடு நான். ஜர்ராஹ் எழுந்து, சிரித்த முகத்தோடு வாங்கி, சுவர் அலமாரியில் வைத்தார், பின்பக்கம் சுவரைப் பார்க்க.

கனீமா அதை எடுத்து நடுமேசையில் வைத்தார். காப்பிக் கோப்பைகளைத் தள்ளி இடம் பண்ணினார். “அபூ ஃபலாஹ், எங்கிட்ட சொன்னத இவங்ககிட்டயும் சொல்லுங்க.”

ஆயித் நின்றுகொண்டே சொன்னார். அதே சொற்கள்.

(இந்த இடத்தில் என் காகிதத்தில் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் ஜர்ராஹ் ஆயித்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார். இன்னொன்றில் டாங்கியைத் தரையில் அடிக்கிறார். இரண்டையும் அடித்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை.)

ஜர்ராஹ் மேசையருகே குந்தி உட்கார்ந்தார். துளைக்குள் வெகுநேரம் பார்த்தார். முகம் திருப்பாமலே கேட்டார்:

“உடனே உயிரு போயிருச்சா?”

அத்தனை வருடப் பேச்சில் அந்த அறையில் யாரும் கேட்டிராத கேள்வி அது. நெஞ்சில் குண்டு வாங்கியவனைப் பற்றி அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆயித் பதில் சொன்னார். ஒரே சொல். என் காதில் விழுந்தது, கனீமாவின் காதிலும்.

ஜர்ராஹ் எழுந்து, வழக்கமாக ஊற்றுகிறவரிடமிருந்து காப்பிக் குடுவையை வாங்கி, தன் கையால் ஒரு கோப்பை ஊற்றி ஆயித்திடம் நீட்டினார். “உக்காரு” என்றார். ஆயித் உட்கார்ந்தார்.

6

அந்தச் சொல்லை எழுதமாட்டேன். கனீமா எழுதச் சொன்னார். ‘அத மட்டும் ஏன் மூடுற?’ என்று கோபப்பட்டார். அவருக்குத் துளை எங்கே என்று தெரிய வேண்டியிருந்தது, போட்டார். எனக்கு அந்தச் சொல்லின் மேல் உரிமை இல்லை. அது ஓர் அண்ணன் கேட்டு, ஓர் ஓட்டுநர் கொடுத்தது.

உங்களுக்கு வேண்டுமென்றால் ஆம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று வைத்துக்கொள்ளும் துணிவிருந்தால் அதையும் வையுங்கள். எதை வைத்தாலும் ஜர்ராஹ் அதைக் கேட்ட பிறகுதான் காப்பி ஊற்றினார்.