வெள்ளை வண்டியும் நீல வண்டியும்

பொன்செல்விக்குக் கார் வாங்குவது புதிதில்லை. சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் நடத்தும் டிராவல்ஸில் ஓடுகிற வேன்கள், டாக்ஸிகள் எல்லாம் அவளே நேரில் போய்ப் பார்த்து, பேரம் பேசி வாங்கியவை. ஜெர்மன் கார் மட்டும் அவள் இதுவரை கை வைக்காத சமாச்சாரம். போன தை மாதம் கல்யாண வீட்டுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பொண்ணு மாப்பிள்ளைக்குப் பெரிய வண்டி இருக்கா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அவள் கண்ணெதிரிலேயே நாகர்கோவிலுக்குப் போன் போட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. தொழில் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வண்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். இருந்த வண்டிகளெல்லாம் சவாரிக்குப் போய்விட்டதால் அவளும் அவள் கணவன் தேவேந்திரனும் காலையிலேயே பஸ் ஏறிப் பேட்டைக்கு வந்தார்கள். தேவேந்திரன் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேட்டையில் பழைய கார் வாங்கி விற்கும் தாஜ் முகம்மதுவின் தகரக் கொட்டகையில் இரண்டு வண்டிகள் நின்றன. வெள்ளை பென்ஸ் ஒன்று, கருநீல பி.எம்.டபிள்யூ ஒன்று. வயதும் ஓட்டமும் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தாஜ் முகம்மது அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவள் அரக்குப் பட்டுச்சேலை கட்டித் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள்.

"எங்கயும் விசேஷமாக்கா?"

"இல்ல பாய். நாளைக்கு இதுல ஏறப்போறவ பட்டுச்சேலதானே கட்டியிருப்பா? அந்தச் சேலையோட ஏறி இறங்கிப் பாத்தாதானே தெரியும்."

முதலில் நீலம். தேவேந்திரன் ஸ்டியரிங்கைப் பிடித்தார், தாஜ் முகம்மது பக்கத்தில் உட்கார்ந்தார், பொன்செல்வி பின்னால். பேட்டையைத் தாண்டி ரோடு காலியானதும் தேவேந்திரன் லேசாக மிதித்தார். அவள் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற முகம், ஆனால் இப்படி ஒரு சிரிப்பை அதில் அவள் கண்டதில்லை. திரும்பி வந்து இறங்கும்போது மட்டும் சீட் தாழ்வாக இருந்ததால் கொசுவம் காலில் சிக்கியது.

"இதுதான் செல்வி. வேற பாக்க வேண்டாம்" என்றார் தேவேந்திரன்.

"அதையும் பாத்துருவோம்" என்றாள் அவள்.

வெள்ளை வண்டி வேறு மாதிரி. அது கிளம்பியதே அவளுக்குத் தெரியவில்லை. வெளியே டீக்கடை பின்னால் போவதைப் பார்த்துத்தான் நகர்கிறோம் என்று புரிந்தது. கைப்பிடியைத் தடவினாள், கண்ணாடியை இறக்கி ஏற்றினாள், தலையைச் சாய்த்துப் பூ கசங்குகிறதா என்று தொட்டுப் பார்த்தாள். சுத்தமல்லி விலக்கு தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒரு வேன் சாய்ந்தாற்போல் நின்றது. டயர் வெடித்திருந்தது. பட்டும் நகையுமாகப் பெண்கள் கூட்டம் வெயிலில் நிற்க, ஒரு அம்மாள் நடுரோட்டுக்கே வந்து கையை நீட்டி மறித்தாள்.

"கல்யாணத்துக்குத்தானே போறிய? பொண்ண மட்டும் ஏத்திக்கிடுங்கம்மா. சேரன்மாதேவி மண்டபம். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

பொன்செல்வியின் சேலையைப் பார்த்துவிட்டு அவளையும் கல்யாணக் கூட்டம் என்றே நினைத்துவிட்டாள். பொன்செல்வி எதையும் விளக்காமல் நகர்ந்து உட்கார்ந்தாள். பெண்ணைப் பெற்ற தங்கத்தாய்தான் அந்த அம்மாள்; அவளும் துணைக்கு நடுவில் ஏறினாள். மணப்பெண் முத்துராணி மாலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓரத்தில் உட்கார்ந்தாள். கதவு பஞ்சு வைத்தது போல் மூடியது.

வெளிச் சத்தம் நின்றது. அப்போதுதான் அந்தப் பெண் விசும்புவது கேட்டது. வேனில் ஒருவர் காதிலும் விழுந்திருக்காது. இங்கே முன்சீட்டில் இருந்த இரண்டு ஆண்களும் சங்கடத்தோடு நேராக ரோட்டைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, மை கலையும்" என்றாள் தங்கத்தாய்.

பொன்செல்வி தன் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். வயல் காற்றும் லாரிச் சத்தமும் உள்ளே வந்தன. பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தைரியம் வந்தவள் போல் இவள் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இது உங்க காராக்கா?"

"இன்னும் வாங்கல தாயி. ஓட்டிப் பாக்கத்தான் எடுத்துட்டு வந்தோம். நீலத்துல ஒண்ணு அங்கன நிக்கி. ரெண்டுல எதுன்னு தெரியல."

"எனக்கும் ரெண்டு வந்துச்சுக்கா."

"இப்பம் எதுக்குட்டி அந்தப் பேச்சு?" என்று தங்கத்தாய் அதட்டினாள். ஆனால் பொன்செல்விக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எப்படி முடிவு பண்ணுன?"

"ஒருத்தரு பல் டாக்டரு. இவரு ஈ.பி.ல இருக்காரு. வீட்ல எல்லாரும் டாக்டரத்தான் சொன்னாவ. இவரு பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்க நாய் அவுந்துட்டு. ஒண்ணும் செய்யாது, ஒண்ணும் செய்யாதுன்னு எல்லாரும் சொல்லுதாவ. இவரு காலத் தூக்கி நாற்காலி மேல வச்சிக்கிட்டு, எனக்கு நாய்னா பயம், கொஞ்சம் கட்டிப்போடுங்கன்னாரு. அவ்வளவு பேரு முன்னாடி. அவுங்க அம்மாவுக்கு முகமே செத்துப்போச்சு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இவரு நம்மகிட்ட எதையும் ஒளிக்க மாட்டாருன்னு தோணிச்சு."

"பொறவு எதுக்குத் தாயி அழுத?"

"அது தெரியலக்கா" என்றாள் முத்துராணி.

வண்டி ஆற்றுப் பாலம் ஏறியது. தாமிரபரணியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. மண்டப வாசலில் கதவைத் திறந்ததும் பெண் மாலை, ஜடை, சேலை எதுவும் சிக்காமல் நிமிர்ந்தபடியே இறங்கினாள். பொன்செல்வி அதைக் கவனித்துக்கொண்டாள். ஆனால் அவள் மனம் வண்டியில் இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. பட்டுச்சேலை இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. மேடையில் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சாதாரணமான ஆள்தான். முத்துராணி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், பக்கத்து ஆளுக்கும் கேட்கும்படியாக, "நீ வரலன்னதும் ரொம்பப் பயந்துட்டேன்" என்றார். அந்தப் பெண் தலை குனிந்து சிரித்தாள். தாலி கட்டி முடிந்து அரிசி போட்ட பிறகு தங்கத்தாய் விடவில்லை. மூன்று பேரையும் பந்தியில் உட்கார வைத்துப் பாயசம் வரை சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

பேட்டைக்குத் திரும்பியதும் பொன்செல்வி தாஜ் முகம்மதுவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பாய், ஒண்ணு கேக்கேன். இந்த வெள்ளையில உங்களுக்கு என்ன பயம்?"

"விக்க நிக்க வண்டில பயத்தக் கேக்கியளேக்கா" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பின்கதவு ஒண்ணு இடிபட்டு மாத்துனது. காலைல மொத எடுப்புல கியர் கொஞ்சம் தயங்கும். ஆயில் மாத்துனா சரியாவும்னு நெனைக்கேன். ஆவாமலும் போவலாம். கோயம்புத்தூர்ல ஒரு மில்லுக்காரம்மா வச்சிருந்தது. வேணும்னா பேசிப் பாருங்க."

"நீலம்?"

"நீலத்துல எனக்கு ஒண்ணும் தெரியல. அதான் பயம். கை மாறிக் கை மாறி வந்திருக்கு. மொதல்ல யாரு வச்சிருந்தான்னு கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான்."

பொன்செல்வி அங்கேயே கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். அந்த அம்மாள் கதவையும் கியரையும் தானாகவே சொன்னாள். பிறகு, "என் பையன் சின்னதுல பேனாவால பின் சீட்ல ஒரு யானை வரைஞ்சிருக்கான். அழிக்க மனசு வரலீங்க. உறை போட்டு மறைச்சு வெச்சேன்" என்றாள்.

மூன்று பேரும் எழுந்து போனார்கள். உறையைத் தூக்கிப் பார்த்தால், தும்பிக்கை மட்டும் மிக நீளமாக, நீல மையில் ஒரு யானை. தாஜ் முகம்மது வாயில் கை வைத்துக்கொண்டார். இத்தனை நாள் வண்டியைத் துடைத்தும் அவர் பார்த்ததில்லை.

"வெள்ளைய எடுத்துக்கிடுதேன்" என்றாள் பொன்செல்வி.

தேவேந்திரன் நீல வண்டியின் பக்கம் போய் அதன் கூரை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தாஜ் முகம்மது அதைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

"இன்னொரு ஓட்டம் போயிட்டு வாங்க அண்ணாச்சி. எங்க போவப்போவுது?"

இந்த முறை பொன்செல்வி முன்சீட்டில் உட்கார்ந்தாள். தென்காசி ரோட்டுக்கு வந்ததும் அவர் மிதித்தார். முள்ளும் பனையும் இரண்டு பக்கமும் பின்னால் பறந்தன. காலையில் கண்ணாடியில் பார்த்த அதே சிரிப்பு இப்போது பக்கத்தில் இருந்தது.

"அப்படி என்னதான் இருக்கு இதுல?"

"சொல்லத் தெரியல செல்வி. நாம நெனைக்கதுக்கு முன்னாடியே அது போயிருது."

"ஓரங்கட்டுங்க" என்றாள் அவள்.

"ஏன், தலை சுத்துதா?"

"சொல்லத் தெரியலன்னுட்டியள்லா. நானே பாத்துக்கிடுதேன்."

அவர் இறங்கிச் சுற்றி வந்தார். அவள் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டாள். சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி, வெறுங்காலை ஆக்சிலேட்டரில் பைய வைத்தாள்.

சீதபற்பநல்லூர் தாண்டியும் அவள் வண்டியைத் திருப்பவில்லை. தேவேந்திரனும் திருப்பச் சொல்லவில்லை.