கிருத்திகாவைப் பற்றி விசாரித்தார்கள்

பட்டறை முதலாளி சென்னியப்பன் தன் அறைக் கதவைச் சாத்தி யாரும் பார்த்ததில்லை. பட்டறையில் கிரைண்டர் ஓடிக் காது அடைத்துப் போனாலும் அந்தக் கதவு திறந்தேதான் கிடக்கும். அவர் பேசுவதும் திட்டுவதும் மல்லசமுத்திரம் ரோட்டில் போகிற பஸ் வரைக்கும் கேட்கும், அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் புதன்கிழமை காலையில் "அம்மிணி, சித்தெ உள்ள வா" என்று கூப்பிட்டு, தானே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். விஷயம் தெரிந்துவிட்டது என்று கிருத்திகா நினைத்தாள்.

விஷயம் இதுதான். அவள் எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பித்திருந்தாள். நுழைவுத் தேர்வை சேலத்தில் போய் எழுதினாள். நேர்முகத்துக்குச் சென்னை போய் வந்தாள். பட்டறையில் பல்வலி என்று லீவு சொல்லியிருந்தாள். திரும்பி வந்த அன்று சென்னியப்பன் மெனக்கெட்டு வீட்டிலிருந்து கிராம்புத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டபோது நிஜமாகவே அவளுக்குப் பல் வலித்தது.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளைக் கட்டுகிற பட்டறை அது. கிருத்திகா கல்லூரி முடித்த கையோடு வந்து சேர்ந்தவள், வரைபடத்திலிருந்து கடைசிச் சோதனை வரைக்கும் இப்போது எல்லாம் அவள் பொறுப்பு. வண்டியைக் கட்டத் தெரிந்துவிட்டது, பட்டறையையே கட்டி நடத்தத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை. அதை முதலாளியிடம் சொல்வதில்தான் சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணக்குப் பார்த்த பையன் ஒருவன், வேறு இடத்தில் முயற்சி செய்கிறேன் என்று யோக்கியமாக வந்து சொன்னான். "போறதுன்னு ஆயிப்போச்சு, நாளைக்கென்ன, இன்னைக்கே போ" என்று அனுப்பிவிட்டார். அவனுக்குப் போன இடத்தில் வேலையும் கிடைக்கவில்லை. திருச்செங்கோட்டுப் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் கிருத்திகா வாயை இறுக்கி மூடிக்கொள்வாள்.

வீட்டிலும் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா வசந்தாமணி தீர்த்துச் சொல்லியிருந்தாள். "சீட்டு வந்தாப் போ, நா குறுக்க நிக்கல. வரலியா, தை மாசம் கல்யாணம், நீ குறுக்க நிக்கப்படாது." சொல்லிவிட்டு, சீட்டு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று ஜாதகத்தையும் நாலு பக்கம் அனுப்பிவிட்டாள்.

சீட்டுக் கொடுப்பதற்கு முன் கடைசிக் கட்டமாக, வேலை செய்கிற இடத்தில் மேலதிகாரியைக் கல்லூரி போனில் கூப்பிட்டு விசாரிக்கும். பட்டறையில் அவளுக்கு மேலே இருக்கிற ஒரே ஆள் சென்னியப்பன். அவர் நம்பரைத்தான் கொடுத்தாக வேண்டும், கொடுத்துவிட்டாள். போன் வருவதற்குள் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் ஒத்திப்போட்டாள். இப்போது கதவு சாத்தியாகிவிட்டது.

"உக்காரு" என்றார் சென்னியப்பன். அவர் உட்காரவில்லை. மேஜை மேலிருந்த நட்டு போல்ட்டையெல்லாம் ஒரு பக்கம் தள்ளினார், திரும்ப இந்தப் பக்கம் தள்ளினார். "நேத்துச் சாயங்காலம் ஒரு போன் வந்துச்சு. மெட்ராஸ்லருந்து ஒரு அம்மிணி. உன்ற பேரைச் சொல்லி, தெரியுமான்னு கேட்டுது."

"நீங்க என்னங்ணா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"அதைக் கேக்காத. நா ஒரு பெரிய தப்புப் பண்ணிப்போட்டேன் சாமி."

ஐந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தை தன்னைப் பற்றி வந்து அவள் கேட்டதில்லை. என்ன நடக்கிறது என்று புரியாமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"போன வாரம் சந்தையில உங்கம்மாவப் பாத்தேன். மெட்ராஸ் மாப்பிள்ளை ஒண்ணுக்கு ஜாதகம் போயிருக்குது, அவங்க உங்களைய விசாரிச்சாலும் விசாரிப்பாங்க, பாத்துச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. நேத்து அந்தப் போன் வந்ததுங்காட்டி, எங்கிருந்து பேசறம்னு அது சொல்ல வருது, நா விடலியே. அதெல்லாம் தெரியுமுங்க, நீங்க கேளுங்கன்னுட்டேன்."

கிருத்திகாவுக்கு மெதுவாக விளங்கியது. பெண்ணைப் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், மளிகைக் கடையில் விசாரிப்பார்கள், வேலை செய்கிற இடத்திலும் விசாரிப்பார்கள். கேட்கப்பட்டவர் "தங்கமான புள்ளைங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடிப்போனால் சம்பந்தம் கலைந்துவிடும், கலைத்தவர் என்ற பெயர் காலத்துக்கும் நிற்கும். கல்லூரி விசாரித்ததை இந்த மனிதர் அந்த விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் என்ன சொல்லித் தொலைத்தார் என்பது தெரியாமல் இரண்டையும் செய்ய முடியாது.

"என்னென்ன கேட்டாங்க?"

"மத்தவங்களோட ஒத்துப்போவாங்களான்னு கேட்டுது. ஒத்துப்போற வரைக்கும் ஒத்துப்போவான்னேன்." சென்னியப்பன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தனக்குச் சரின்னு பட்டதை, மேல இருக்கறவங்க வேண்டாம்னா என்ன பண்ணுவாங்கன்னு கேட்டுது. மாமியாக்காரி கேக்கச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். பொய் சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். வரமாட்டீங்குது. அந்த ராய்ப்பூர் வண்டிக் கதையைச் சொல்லிப்போட்டேன்."

ராய்ப்பூர் வண்டிக் கதை பட்டறையில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் பேசுவதில்லை. போன வருஷம் புது ரிக் ஒன்று அமாவாசையன்று ராய்ப்பூருக்குக் கிளம்ப வேண்டும். மாலை போட்டாயிற்று, பூசணிக்காய் சுற்றியாயிற்று, சக்கரத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வாங்க வந்தவர் சொந்தபந்தத்தோடு நிற்கிறார். மாஸ்ட் என்று சொல்கிற அந்த நெடிய கம்பத்தின் அடியில் ஒரு வெல்டிங் தனக்குத் திருப்தியாக இல்லை என்று சொல்லி, கிருத்திகா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நல்ல நேரம் போகிறது என்று சென்னியப்பன் அத்தனை பேர் முன்னாலும் கத்திய கத்தலில் வேறு யாராக இருந்தாலும் சாவியை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவள் கொடுக்கவில்லை. மறுநாள் மாஸ்ட்டைத் தூக்கிப் பாரம் ஏற்றிப் பார்த்தபோது அந்த வெல்டிங் வாயைப் பிளந்தது. வெல்டர் பச்சமுத்து அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. சென்னியப்பனிடமிருந்து நன்றி என்றோ, நீ செய்தது சரி என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. அது கிருத்திகாவுக்கு உள்ளுக்குள் ரொம்ப நாள் வலித்தது.

"என்னன்னு சொன்னீங்க அதை?"

"நடந்ததைத்தான். நா தப்பு, அவ சரி. அன்னைக்கு அவ சாவியக் குடுத்திருந்தா ராய்ப்பூர்ல ரெண்டு உசுரு போயிருக்கும், நா இன்னைக்கு உங்ககிட்டப் பேசிட்டு இருக்க மாட்டேனுங்கன்னு சொன்னேன்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தலையக் குனிஞ்சுட்டுப் போற புள்ளை வேணும்னா வேற ஊடு பாத்துக்குங்க, எங்க அம்மிணி அப்படியில்லீங்கன்னும் சொல்லிப்போட்டேன். அது கேக்கவே இல்ல, சோறாக்கவும் தெரியாதுங்கன்னு நானே சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியல. நாளைக்கு அந்த ஊட்டுக்குப் போயி நீ முழிக்கப்படாதேன்னு ஒரு நெனப்பு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. உங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

கிருத்திகா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். ஒரு வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தையை, ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டு, அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார் மனிதர். இதற்கு மேலும் மறைத்தால் தான் மனுஷியே இல்லை என்று அவளுக்குப் பட்டது.

"அண்ணா, அது மாப்பிள்ளை ஊடு இல்லீங்க."

"பின்ன?"

சொன்னாள். தேர்வு, நேர்முகம், பல்வலி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சென்னியப்பன் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப நா கல்யாணத்தைக் கலைக்கல?"

"இல்லீங்ணா."

"ஐயோ சாமி" என்று நாற்காலியில் பொத்தென்று விழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தார். கிருத்திகாவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதே அவர் முகம் மாறியது.

"அப்ப நீ போறே."

"சீட்டு வந்தாத்தானுங்க."

"என்ற நம்பரைக் குடுக்கத் தெரிஞ்சுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியல."

"சொன்னா அன்னைக்கே அனுப்பிப்போடுவீங்கன்னு பயமுங்ணா. அந்தக் கணக்குப் பையன அனுப்புன மாதிரி."

"அவனும் நீயும் ஒண்ணா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பட்டறைக்குள் யாரையோ அவர் திட்டுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

மதியம் கிருத்திகாவுக்குக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மோகனப்பிரியா, சேர்க்கை அலுவலகத்தில் வேலை செய்பவள். "உங்க சாரோட நேத்துப் பேசினேன். நிறைய சொன்னார், ஆனா கடைசியில முகூர்த்தம் எப்போன்னு கேட்டார். அவர் எதுக்குன்னு நினைச்சுச் சொன்னார்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. இந்த நிலைமையில அதை எடுத்துக்க முடியாது. நாலு மணிக்கு மறுபடி கூப்பிடறேன், சொல்லி வைங்க" என்றாள்.

கிருத்திகா போய்ச் சொன்னாள். சென்னியப்பன் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டிய வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. அவள் போனால் இந்த மனிதருக்கு ஒரு கை போன மாதிரி. அவர் பொய் சொல்லக்கூட வேண்டாம். "பரவால்லீங்க, வேலை செய்யும்" என்று இழுத்தாலே போதும், சீட்டு போய்விடும், தையில் மேளம் கொட்டிவிடும். அவர்மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை. ஒளித்து வைத்தது அவள்தானே.

நாலு மணிக்குப் போன் அடித்தது. சென்னியப்பன் பட்டறை நடுவில் நின்றபடியே எடுத்தார். எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டு, போனை வாய்க்கு முன்னால் பலகாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை உயர்த்தினார், பச்சமுத்து கிரைண்டரை நிறுத்தினார். கிருத்திகா ஒரு வண்டியின் மறைவில் போய் நின்றாள்.

"சார், இது கல்யாண விசாரணை இல்லைன்னு தெரியுங்களா?" என்றாள் மோகனப்பிரியா.

"இப்பத் தெரியுமுங்க."

"நேத்துச் சொன்னதில எதையாவது மாத்தணும்னா மாத்திக்கலாம் சார். உங்க இஷ்டம்."

சென்னியப்பன் யோசித்தார். அவர் யோசித்த அந்த நேரத்தில் கிருத்திகா வண்டியின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சோறாக்கத் தெரியாதுன்னேன் பாருங்க, அதை மட்டும் அடிச்சுருங்க. படிப்புக்கு அது தேவையில்லாத பேச்சு. மத்ததெல்லாம் அப்பிடியே இருக்கோட்டும். நா தப்பு, அவ சரின்னதைச் சித்தெ பெரிய எழுத்துல போட்டாலும் செரி." பட்டறையில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தணிக்கவில்லை. ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

கிருத்திகா மறைவிலிருந்து வெளியே வந்து, கீழே கிடந்த ஒரு டயரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அதை நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. சீட்டு கிடைத்த செய்தி வந்தது அடுத்த வாரம்தான். வசந்தாமணி அன்றைக்கு ஜாதகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ஊர் முழுக்க மகள் படிக்கப் போகிற பெருமையைச் சொல்லி முடித்தாள். ஆனால் பல மாதமாக நெஞ்சில் கிடந்த பாறை இறங்கியது என்னவோ, அந்த நாலு மணிக்குத்தான்.

போனில் மோகனப்பிரியா தொடர்ந்தாள். "ரொம்ப நன்றி சார். கடைசியா ஒரே ஒரு கேள்வி, இது எல்லாரையும் கேக்கறது. படிப்பு முடிச்சு இவங்க திரும்பி வந்தா, நீங்க சேத்துக்குவீங்களா?"

"நா சேத்துக்கறதா?" சென்னியப்பன் சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க போங்க. அத்தனை படிச்சுட்டு வாரவ என்னைய வெச்சுக்குவாளான்னு அவளைத்தான் கேக்கோணும். இந்தா, இங்கதான் டயர் மேல உக்காந்துட்டு அழுதுட்டிருக்குது, கேளுங்க" என்று சொல்லி, போனை அவள் பக்கம் நீட்டினார்.

கிருத்திகா மூக்கைத் துடைத்துக்கொண்டு, பட்டறை முழுக்கக் கேட்கும்படி, "வெச்சுக்கறேனுங்ணா" என்றாள்.