அறுத்து ஒட்டிய காது

எனக்குக் காகிதத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. அதில் வரைந்தவர் என் மாப்பிள்ளை என்றால் துளிகூடக் கிடையாது.

நான் லேத்தில் பம்பு மூடி கடைகிறவன். அதே பட்டறையின் மாடியில் உட்கார்ந்து அவர் டிராயிங் போடுகிறார். மூடி வழவழவென்று கவிழ்ந்த கிண்ணம் மாதிரி இருக்கும், பிடிமானம் இல்லை. அதனால் வார்க்கும்போதே ஓரத்தில் ஒரு காது விட்டிருப்பார்கள். காதைப் பிடித்துக் கடைய வேண்டும், துளை போட வேண்டும், கடைசியில் காதை அறுத்து எறிய வேண்டும். இதையெல்லாம் வரிசையாக டிராயிங்கிலேயே எழுத வேண்டும் என்று புதுச் சட்டம். மாப்பிள்ளை எழுதினார். கடைசி வரிக்கு இடம் போதாமல் அதைத் தாளின் முதுகில் எழுதினார். திருப்பிப் பார்க்க எனக்கென்ன தலையெழுத்தா? முன்பக்கமே பாதி பொய்.

முதல் லோடு காதோடு போய்விட்டது.

வாங்கிய கம்பெனியிலிருந்து சோதனைக்காரர் வந்தார். மாப்பிள்ளை இன்னும் நிரந்தரமாகவில்லை. வேலை போனால் கம்பெனி வீடும் போகும். மகள், பிள்ளைகள், மூட்டை முடிச்சோடு என் வீட்டுக்குத்தான் வருவார். என் வீட்டில் ஒரே குளியலறை. அவர் உள்ளே போனால் பாட்டுக் கச்சேரிதான்.

"காது பிரமாதம் சார்!" என்றார் சோதனைக்காரர். "எங்க ஆளுங்க அதுலதான் சாப்பாட்டுப் பை மாட்டுறாங்க. காது இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுவோம்."

சொல்லிக்கொண்டே தாளைத் திருப்பினார், பாவி. "இது என்ன, அறுக்கணும்னு போட்டிருக்கு?"

"அந்த வரிய அடிச்சிடுறேன் சார்," என்றார் மாப்பிள்ளை.

"ஐயையோ! கையெழுத்தான வரிய அடிக்க மேலிடத்துல கூட்டம் கூடணும். புதுசா சேக்குறதுன்னா நானே கையெழுத்துப் போடுவேன்."

மாப்பிள்ளை சேர்த்தார்: 'அறுத்த காதை அதே இடத்தில் வெல்டிங் வைக்கவும்.'

"மாப்பிள்ளை, தப்பா நெனைக்காதீங்க. தலையச் சுத்தி மூக்கைத் தொடுறவனைப் பாத்திருக்கேன். காதை அறுத்து அதே காதை ஒட்டுறவரு நீங்கதான். உள்ள இருக்கிறது களிமண்ணா, இல்ல அதுவும் கண்ணுக்குத் தெரியாததுக்கு டிராயிங்ல போடுற வெறும் புள்ளிக்கோடா?"

"சோறு போடுற காது மாமா. பேசாம அறுங்க."

அறுத்தேன். ஒட்டப் போனால் மூடி உருளுகிறது. பிடிப்பதற்குத்தான் காது இல்லையே! வெல்டர் என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். மாப்பிள்ளை யோசித்து, எதிர்ப்பக்கம் இன்னொரு காது வரைந்தார். முதல் காதை ஒட்டும்வரை பிடிக்க, பிறகு அறுக்க. இந்த முறை எல்லா வரியும் முன்பக்கமே.

சோதனைக்காரர் மறுபடி வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, மேசைமேல் அறுபடாமல் கிடந்த ஒரு மூடியைத் தூக்கினார். "அட, ரெண்டு காது! இதுல குடை மாட்டலாமே!"

அப்புறம் கேட்பானேன். அந்தக் காதையும் திரும்ப ஒட்டச் சொல்லி ஒரு வரி சேர்ந்தது. இப்போது வலக்காதைப் பிடித்து இடக்காதை அறுத்து ஒட்டுகிறோம். இடக்காதைப் பிடித்து வலக்காதை அறுத்து ஒட்டுகிறோம். வார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் வெளியே போகிறது. பட்டறை ராப்பகலாக ஓடுகிறது. இந்த டிராயிங் வேறு யாருக்கும் புரியவில்லை என்பதால் முதலாளி மாப்பிள்ளையை நிரந்தரமாக்கிவிட்டார்.

அதைச் சொல்ல மாப்பிள்ளை குடும்பத்தோடு என் வீட்டுக்கு வந்தார். ஒட்டாமல் விழுந்த காது ஒன்றை நான் குளியலறைக் கதவில் ஆணியால் அடித்துத் துண்டு மாட்டியிருந்தேன். அவர் அதைக் குனிந்து பார்த்தார்.

"மாமா, இதுக்கு டிராயிங் இருக்கா?"

துண்டை உருவிக்கொண்டு முதலில் உள்ளே போய்த் தாழ் போட்டேன்.